ஊசியா, பேரா? தோட்டத்தில் இன்னும் கேட்கும் தடுப்பூசிக் கேள்விகள்

கொவிட் காலம் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ்ஸில் ஒருவர் இருமினால் போதும், பின்சீட்டில் தடுப்பூசிப் பேச்சு ஆரம்பித்துவிடும். நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். 2021இல் எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்த படிவங்களை எல்லாம் வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் பெயர். பேர் வெட்டினால் அன்றைய சம்பளம் இல்லை. ஊசி போடாதவருக்குப் பேர் இல்லை என்று அப்போது சொன்ன தோட்டமும் உண்டு. அன்றைக்குக் கேட்ட கேள்விகளும் இன்றைக்கும் கேட்கிற கேள்விகளும் இவை.

முடிந்துபோன கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?

அந்த நேரத்து மனக்கசப்பு மற்ற ஊசிகள் மேலும் இறங்கியிருக்கிறது, அதனால்தான். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் பாடசாலையில் எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி அது. அதற்குக் கையெழுத்துப் போட வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “இதுவும் அந்தக் கொரோனா ஊசி மாதிரியா சேர்?” இல்லையம்மா என்று சொல்லி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஏன் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

95 சதவீதம் பலன் என்றால், போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்றா அர்த்தம்?

இல்லை. படித்தவர்களே அதிகம் பிழை விட்ட இடம் இது. பைசர் ஊசியின் பெரிய சோதனையில் சுமார் 43,000 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது. நோய் வந்தவர்கள் மொத்தம் 170 பேர். அதில் 162 பேர் உப்புநீர்ப் பக்கம், 8 பேர் ஊசிப் பக்கம். 162 வர வேண்டிய இடத்தில் 8 வந்தது. அந்தக் குறைவுதான் 95 சதவீதம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு உண்டு. ‘உப்புநீர் போட்ட இருபதாயிரம் சொச்சம் பேரில் 162 பேர் என்றால் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையே, அப்படியானால் ஊசியால் பலன் அடைந்தவர் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவுதானே?’ என்று கேட்பார்கள். கணக்கு சரி. ஆனால் அந்தச் சோதனை பார்த்தது இரண்டு மூன்று மாதத்தை. தை மாதத்து வெயிலில் கூரைத் தகரத்தைச் சோதித்துவிட்டு, ‘இது இல்லாவிட்டாலும் நாலு துளிதான் விழுந்திருக்கும்’ என்று சொல்வது மாதிரி. ஆனி, ஆடி மழையில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். 2021 ஆகஸ்டில் டெல்டா என்ற உருமாறிய வைரஸ் அடித்தபோது நாட்டில் ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் செத்தார்கள். தகரம் அதேதான், மழைதான் வேறு.

எங்களுக்குப் போட்டது சினோபார்ம். அது தரம் குறைந்த ஊசியா?

தரம் குறைந்தது இல்லை, வேறு வகை. 2021 மே 7ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது. காய்ச்சல், இருமல் என்று அறிகுறியோடு வரும் நோயை 79 சதவீதம் தடுக்கும் என்றார்கள். பைசருக்கு 95, இதற்கு 79, அப்படியானால் இது மட்டம் என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு மாதத்தில், வேறு வேறு ஆட்களில் செய்த சோதனை. வரட்சிக் காலத்தில் ஒருத்தி எடுத்த கொழுந்தையும் நல்ல மழைக்காலத்தில் இன்னொருத்தி எடுத்த கொழுந்தையும் நிறுத்துப் பார்த்து யார் கெட்டிக்காரி என்று சொல்ல முடியுமா?

இலங்கையிலேயே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு பரிசோதித்துப் பார்த்தது. இரண்டு சினோபார்ம் போட்டவர்களில் 95 சதவீதம் பேரின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. வயதானவர்களிடம் மட்டும் அது குறைவு. அதனால் வயதானவர்களுக்கு மூன்றாவது ஊசி உண்மையிலேயே தேவைப்பட்டது. 2021 நவம்பரில் பைசரை பூஸ்டராகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ‘ரெண்டு போட்டாச்சே, இன்னும் என்ன?’ என்று எங்கள் லயத்தில் பல பெரியவர்கள் போகவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் மூன்றாவது என்று தமிழில் உட்கார்ந்து சொல்ல ஆள் வரவில்லை.

ஊசி போட்டும் கொரோனா வந்ததே. அப்புறம் என்ன பிரயோசனம்?

நோய் தொற்றுவது ஒன்று, நோயால் சாவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. வைரஸ் நுழைவதோ மூக்கு வழியாக. மூக்கில் அந்தச் சக்தி கொஞ்சம்தான், அதுவும் சில மாதங்களில் இறங்கிவிடும். அதனால் வாசலில் வைரஸை மறிப்பது கஷ்டம். ஆனால் உடம்புக்குள் ஒரு ஞாபகம் இருக்கிறது. முன்பு பார்த்த எதிரியை அடையாளம் கண்டு, நுரையீரலுக்கு இறங்குமுன் தாக்கும் செல்கள். அவை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. அதனால் முதலில் வந்த வைரஸைப் பெரும்பாலும் வாசலிலேயே மறித்த ஊசி, டெல்டாவை அவ்வளவு மறிக்கவில்லை, அடுத்து வந்த ஒமிக்ரோனை அதைவிடக் குறைவாகத்தான் மறித்தது. ஆனால் கடுமையான நோயையும் சாவையும் மூன்றுக்குமே நன்றாகத் தடுத்தது.

2021 ஆரம்பத்தில் ‘ஊசி போட்டால் பரவாது’ என்று உலகம் முழுக்கப் பெரிய பதவியில் இருந்தவர்கள் சொன்னார்கள். தெரிந்ததற்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுக்கிற லயத்தில், ஊசி போட்ட வீட்டிலும் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. அதைக் கண்ணால் பார்த்தவரிடம் போய் ‘விஞ்ஞானத்தை நம்பு’ என்றால் எப்படி நம்புவார்?

செத்தவர்களில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

உண்மையாகவே இருக்கலாம். ஒரு சின்னக் கணக்கு. இலக்கங்கள் நானாக எடுத்தவை, எங்கும் எண்ணியவை அல்ல.

ஓர் ஊரில் ஆயிரம் வயதானவர்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். நோய் வந்து போகிறது. போடாதவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார், அதாவது 10 பேர். போட்டவர்களில் நூறில் ஒருவர், அதாவது 9 பேர். மரண வீட்டை எண்ணினால் 19இல் 9, கிட்டத்தட்டப் பாதி. ஆனால் போடாமல் இருந்திருந்தால் அந்த 900 பேரில் 90 பேர் போயிருப்பார்கள். ஊரில் எல்லாரும் போட்டுவிட்டால், இறப்பவர்கள் எல்லாருமே ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

எத்தனை உயிர் காப்பாற்றியது என்று யாராவது சொல்ல முடியுமா?

மதிப்பிடலாம், எண்ண முடியாது. நடக்காத சாவை எண்ண ஏது வழி? 2022இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, ஊசி வந்த முதல் ஒரு வருடத்தில் பதிவான கொவிட் மரணக் கணக்கை வைத்தே உலகம் முழுக்க 1 கோடியே 44 லட்சம் உயிர் தப்பியது என்றது. 2025இல் யோன்னிடிஸ் என்ற ஆய்வாளரின் குழு, 2020 முதல் 2024 வரை சேர்த்தே சுமார் 25 லட்சம்தான் என்றது. பெரிய இடைவெளி. வைரஸ் எவ்வளவு கொடியது, ஊசி இல்லாவிட்டால் எத்தனை பேருக்குப் பரவியிருக்கும் என்று ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட எண்கள் வேறு.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது ஆய்வில் இருந்த இன்னொரு விஷயம். தப்பிய உயிர்களில் பத்தில் ஒன்பது பங்கு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். இதைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மலைக்குப் போய்ப் பேர் பதிகிறவர்கள் அறுபதுக்குக் குறைந்தவர்கள். ஊசி அதிகம் காப்பாற்றுவது யாரை? பென்சன் வயது தாண்டி, லயத்து வாசலில் வெயில் காய்கிற அப்பாயியை, அம்மாயியை. வேலைத்தலத்தில் கட்டாயம் போட்டால் அந்தக் கட்டாயம் அவர்களைத் தொடவே தொடாது.

பக்கவிளைவை மறைத்தார்களா?

நம் ஊரில் மறைத்தார்கள் என்பதைவிட, சொல்லவில்லை என்பது சரி. அஸ்ட்ராசெனெகாவால் மிக அரிதாக இரத்தக் கட்டி உண்டானது. பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு, இளையவர்களுக்குச் சற்று அதிகம். அதனால் பல நாடுகள் இளையவர்களுக்கு அதைக் கொடுப்பதை நிறுத்தின. பைசர், மொடர்னாவால் இதயத் தசை அழற்சி அரிதாக வந்தது, கூடுதலாக இளம் ஆண்களுக்கு. இரண்டும் உண்மை. வயதானவருக்கு ஊசியின் நன்மை இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. இருபது வயதுப் பையனுக்கு அந்தத் தராசு அவ்வளவு சாய்வதில்லை.

பிள்ளை பிறக்காமல் போகும் என்றார்களே?

அதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. போட்டபிறகு எத்தனையோ பிள்ளைகள் பிறந்தார்கள், எங்கள் வீட்டிலேயே ஒன்று.

ஆனால் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். எண்பதுகளில் கருத்தடை ஆப்பரேஷனுக்கு அரசாங்கம் ஊக்கப் பணம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. தோட்டப் பெண்களை விவரம் சரியாகச் சொல்லாமலே கூட்டிக்கொண்டுபோனார்கள் என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் போன ஒரு பாட்டி இருக்கிற வீட்டில், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ‘சும்மா ஒரு ஊசிதான்’ என்றால் பேத்தி சந்தேகப்படத்தான் செய்வாள்.

பாணி, கொத்தமல்லி எல்லாம் போதாதா?

கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம். குடியுங்கள். பாணி என்றால் 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் பிரபலமான அந்தத் தேன் மருந்தைத்தானே கேட்கிறீர்கள்? அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கெமரா முன்னால் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்குக் கொவிட் வந்தது.

கட்டாய ஊசி என்பது கொவிட்டோடு வந்த புதுப் பழக்கமா?

எங்கள் ஆட்களுக்குப் புதிது அல்ல. அம்மை குத்துவது இலங்கைக்கு 1802இல் வந்தது. 1886இல் அதற்கென்று தடுப்பூசிச் சட்டமே போட்டார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த எங்கள் முப்பாட்டன்கள் தமிழ்நாட்டு மண்டபம் கேம்ப்பில் மறித்து வைக்கப்பட்டு, அம்மை குத்தி, சோதித்த பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். வேலைக்காக ஊசி என்பதை எங்களைவிட முன்னால் பார்த்தவர்கள் குறைவு. அதில் அக்கறையும் இருந்திருக்கலாம். ஆனால் துரைமாருக்கு வேண்டியிருந்தது, வழியில் சாகாத, தோட்டத்தில் நோய் பரப்பாத கூலியாள்.

இருந்தாலும் ஒரு நேர்மையான வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அம்மைக்குக் குத்தினால் அந்த ஆளுக்கு அம்மை வராது, அவரால் மற்றவருக்கும் பரவாது, அதுவும் வருடக்கணக்கில். அதனால்தான் 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்க முடிந்தது. மாரியம்மனுக்கு இன்றைக்கும் எல்லாத் தோட்டத்திலும் கோயில் இருக்கிறது, தீமிதிப்பும் நடக்கிறது. பயந்து கும்பிட்ட அந்த நோய் மட்டும் இல்லை.

முதலாளி ஊசியைக் கட்டாயமாக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

ஊசி போடாத தொழிலாளியைத் தனியார் முதலாளி வேலையிலிருந்து நிறுத்தலாம் என்று தனியாக ஒரு சட்டம் இலங்கையில் வரவில்லை. இருந்தது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 2022 ஜனவரியில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது: ஏப்ரல் 30க்குப் பிறகு முழுமையாக ஊசி போடாதவர் பொது இடங்களுக்குப் போக முடியாது. அந்த ஏப்ரலில் நாடு எங்கே நின்றது என்று ஞாபகம் இருக்கும். பெற்றோல் வரிசையில், காஸ் வரிசையில். அங்கே எவரும் ஊசி அட்டை கேட்கவில்லை.

வேலை நீக்கம் வேறு சட்டம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஊசி மறுப்பது ஒழுக்கக் கேடா? முதலாளி ஆம் என்பார், தொழிற்சங்கம் இல்லை என்னும். அடிப்படை உரிமை வழக்கு என்றால் அது அரசின் செயலுக்கு எதிராகத்தான் போட முடியும், தனியார் கம்பனிக்கு எதிராக அல்ல.

மற்ற நாடுகளில் என்ன முடிவு வந்தது?

அமெரிக்காவில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஊசி, இல்லையென்றால் வாராவாரம் பரிசோதனை என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் 6க்கு 3 என்று நிறுத்தி வைத்தது. அதே நாள் ஆஸ்பத்திரி ஊழியருக்கான கட்டாயத்தை 5க்கு 4 என்று அனுமதித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் திகதி, யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, கட்டுப்பாடு போட்டால் அது அளவோடு இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்து முதியோர் இல்ல ஊழியருக்கு 2021 நவம்பரில் கட்டாயமாக்கி, அடுத்த மார்ச்சில் தானே எடுத்துவிட்டது.

சரி, உங்கள் முடிவு என்ன?

ஊசிக்கு நான் ஆதரவு. பேரை வெட்டி ஊசி போட வைப்பதற்கு ஆதரவு இல்லை.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் சொல்லாமலே டிஸ்பென்சரிக்கு ஓடி ஏற்பூசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, போடுகிறோம். ஏற்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. போடாவிட்டால் நட்டம் அவருக்கு மட்டும், அதற்காக வேலையை நிறுத்த எந்தத் துரைக்கும் நியாயம் இல்லை. சின்னமுத்து, அதுதான் மீசல்ஸ், மறுபக்கம். போட்டவர் பரப்புவதே இல்லை என்று சொல்லலாம், அங்கே கட்டாயத்துக்குக் காரணம் பலமானது. கொவிட் ஊசி இரண்டுக்கும் நடுவில் நின்றது. 2021 நடுவில் சின்னமுத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, 2022இல் ஏற்பூசிப் பக்கம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடுகிறவருக்குக் கட்டாயம் என்றால் அப்போதும் சரி என்றேன், இப்போதும் சரி என்பேன். திறந்த மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கு எதற்கு?

என் அத்தையின் கதை. ஒரு தோட்டம், பேர் வேண்டாம். ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வந்து சில மாதம்தான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் சொன்னார்களாம், “அட்டை இல்லாதவங்களுக்கு நாளையில இருந்து பேர் இல்ல.” அத்தை ஊசியை மறுத்தவள் இல்லை. இரண்டு தரம் கொழுந்து நிறுத்துவிட்டு நாலு மைல் நடந்து போயிருக்கிறாள். இரண்டு தரமும் ஊசி முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையிலேயே போய் வரிசையில் நின்றாள், அன்றைய பேர் போனது. படிவம் சிங்களத்தில். பின்னால் நின்ற பையன் நிரப்பிக் கொடுத்தான். அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். “படிச்சு சொல்லு தம்பி, நான் என்னத்துக்கு கையெழுத்து வச்சேன்?”

அதே தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் பேசும் மிட்வைஃப் பிள்ளைமடுவத்தில், அதாவது தொழிலாளரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஊசி போட்டார். பயந்து ஒதுங்கி இருந்தவர்கள், நடக்க முடியாத கிழவர்கள் எல்லாரும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் கொண்டுவந்த ஊசி தீர்ந்துவிட்டது. எவருக்கும் பேர் வெட்டவில்லை.

இனி ஒரு நோய் வந்து, ஊசி போடாததற்காக வேலையை நிறுத்தினால் என்ன செய்வது?

வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் திகதி, நேரம், சொன்னவர் யார், பக்கத்தில் நின்றவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ‘விருப்பத்துடன் விலகுகிறேன்’ என்று எந்தக் கடதாசி நீட்டினாலும் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டத்தில் எழுத்துமூலச் சம்மதம் என்று ஒன்று இருப்பதால்தான் அந்தக் கடதாசியே வருகிறது. சந்தா வெட்டுகிற தொழிற்சங்கம் எதுவோ, அதன் தலைவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அப்புறம் தொழில் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, தீபாவளி கழியட்டும் என்று தள்ள வேண்டாம். சம்பளச் சீட்டுகளையும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தையும் கொண்டுபோங்கள், 180 நாளைக் காட்ட அவைதான் சாட்சி.

அந்தப் பழைய அட்டையை வீசிவிடலாமா?

வீச வேண்டாம். பிள்ளைகளின் ஊசிப் புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டு, கரப்பான் போகாத தகரப் பெட்டியில் வையுங்கள். அத்தை தன்னுடையதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறாள்.